ஆட்டோவில் போட்டுவிட்டால் போதும் என்றார்கள்

எங்கள் ஹாஸ்டல் வைஃபையைத் திட்டாத ஆள் கடந்த ஒன்றரை வருடத்தில் ஒருவர்கூடக் கிடையாது. மாணவர்கள், வார்டன், மெஸ் மேனேஜர், ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்க வரும் அப்பாக்கள் என்று எல்லோரும் திட்டியிருக்கிறார்கள். அந்த வைஃபையைப் பார்த்துக்கொள்பவன் நான், திட்டு வாங்குவதும் சம்பளத்தில் சேர்த்திதான், அதைப் பற்றிப் புலம்ப வரவில்லை. ஏபி என்கிற ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை கொடுக்கும் பெட்டி, அதில் எந்த அலைவரிசையில் (சேனல்), எவ்வளவு பலத்தில் (பவர்) பேசுவது என்பதை அதுவே முடிவு செய்யட்டும் என்று ஆட்டோ சேனல், ஆட்டோ பவர் என்ற இரண்டு டிக் இருக்கிறதே, அந்த இரண்டு டிக்கோடு நான் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒரு கட்டிடத்தை வைத்துக்கொண்டு யாராவது முழித்துக்கொண்டிருந்தால் அவருக்குப் பயன்படட்டும்.

முதலில் கட்டிடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வில்லன் அதுதான். திருச்சிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி, பெயர் வேண்டாம். ஆண்கள் விடுதி. தரைத்தளத்தோடு சேர்த்து நான்கு தளம். ஒவ்வொரு தளத்திலும் நடுவே 60 மீட்டர் நீளத்துக்கு வில்லில் இருந்து விட்ட அம்பு மாதிரி நேராக ஒரு காரிடார், இரண்டு பக்கமும் அறைகள். 9 அங்குலச் செங்கல் சுவர். அறைக்குள் நுழைந்ததும் காரிடார் சுவரை ஒட்டி மூன்று இரும்பு பீரோ, பையனுக்கு ஒன்று. அந்த பீரோக்களுக்கு அந்தப் பக்கம் கட்டில், கட்டிலில் பையன், பையன் கையில் போன். ஏபிகளை எங்கே வைத்தார்கள் தெரியுமா? காரிடார் சீலிங்கில், பத்து மீட்டருக்கு ஒன்று, தளத்துக்கு ஆறு, மொத்தம் 24. கேபிள் இழுக்க அதுதான் சுலபம், செலவும் குறைவு, பையன்கள் அதன்மேல் ஈரத் துண்டு காயப்போட முடியாது என்றும் ஒரு காரணம் சொன்னார்கள். கடைசிக் காரணம் உண்மையிலேயே நியாயமானது.

மாட்டிவிட்டுப் போன எஞ்சினியர் நல்ல பையன். எல்லா ஏபிகளையும் ஓரிடத்தில் இருந்து நடத்தும் கன்ட்ரோலரைத் திறந்து சேனலுக்கு ஆட்டோ, பவருக்கு ஆட்டோ என்று டிக் போட்டுவிட்டு, "அவ்வளவுதான் சார், இனிமேல் அதுவே பார்த்துக்கும்" என்று சொல்லி, சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே பஸ் ஏறிவிட்டார். பெட்டி எந்தக் கம்பெனியுடையது என்று நான் சொல்லப் போவதில்லை, குறை பெட்டியில் இல்லை. எல்லாக் கம்பெனிகளிலும் இந்த வசதி ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. சிஸ்கோவில் ஆர்ஆர்எம் என்பார்கள், அரூபாவில் ஏஆர்எம் என்று இருந்து பிறகு ஏர்மேட்ச் ஆனது, ரக்கஸில் சேனலுக்கு சேனல்ஃப்ளை. உள்ளே கணக்கு கொஞ்சம் மாறும், அடிப்படை ஒன்றுதான்: ஒவ்வொரு ஏபியும் அவ்வப்போது தன் சேனலை விட்டு வெளியே எட்டிப்பார்த்து, சுற்றிலும் யார் இருக்கிறார்கள், எவ்வளவு பலமாகக் கேட்கிறார்கள், எவ்வளவு இரைச்சல் என்று குறித்துக்கொண்டு வந்து கன்ட்ரோலரிடம் சொல்லும். கன்ட்ரோலர் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து யாருக்கு எந்த சேனல், யார் எவ்வளவு சத்தமாகப் பேசலாம் என்று பிரித்துக் கொடுக்கும்.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது. முதல் வாரமே புகார் வந்தது. காரிடாரில் நின்றால் பறக்கிறது, அறைக்குள் போனால் படுத்துவிடுகிறது. இரவு 11 மணிக்கு ஹாஸ்டலைப் பார்த்தால் ரயில் நிலையம் தோற்றுவிடும், தலையணையோடு வந்து காரிடாரில் வரிசையாகப் படுத்திருப்பார்கள். வார்டன் எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினார், கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சிக்னல் பத்தவில்லையா, பவரைக் கூட்டு. ஆட்டோ பவரை எடுத்துவிட்டு 24 ஏபியையும் உச்சத்துக்கு, 23 டிபிஎம்முக்கு ஏற்றினேன். டிபிஎம் கணக்கு தெரியாதவர்களுக்கு: 20 டிபிஎம் என்றால் 100 மில்லிவாட், 3 கூடினால் இரட்டிப்பாகும், 3 குறைந்தால் பாதியாகும். ஆக 23 என்பது 200 மில்லிவாட். அன்று மாலை எல்லார் போனிலும் நான்கு கோடும் நிறைந்தது, நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ராத்திரி புகார் மூன்று மடங்கு. கோடு முழுசாக இருக்கிறது அண்ணா, ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்க மாட்டேன் என்கிறது.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் மூன்று கிலோமீட்டர் தள்ளி நம் வீட்டுத் திண்ணையில் துல்லியமாகக் கேட்கும். "கூழ் ஊற்றுகிறோம், பாத்திரத்தோடு வாருங்கள்" என்கிறார்கள். திண்ணையில் இருந்தபடியே நீங்கள் "இதோ வரேன்" என்று எவ்வளவு கத்தினாலும் மைக் பிடித்தவருக்குக் கேட்குமா? அதேதான். போன் பேட்டரியில் ஓடுகிற பண்டம், அது பெரும்பாலும் 12 முதல் 15 டிபிஎம் அளவில்தான் திருப்பிப் பேசும். ஏபி 23-ல் கத்த, போனுக்குக் கேட்கிறது, கோடு நிறைகிறது, போன் சொல்லும் பதில் மட்டும் சுவரும் பீரோவும் தாண்டி ஏபிக்கு வந்து சேருவதில்லை. இன்னொரு கேடு, சத்தம் அதிகமாகக் கேட்பதால் பையன் மூன்றாவது ஏபிக்குக் கீழே வந்து நின்றாலும் போன் முதல் ஏபியையே கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். எங்கே ஒட்டுவது, எப்போது விடுவது என்பதை முடிவு செய்வது போன், ஏபி இல்லை. இது தெரியாமல் பல பேர் ஏபியைத் திட்டுகிறார்கள், நானும் திட்டியிருக்கிறேன்.

அத்தோடு 24 பேரும் ஒரே நேரத்தில் கத்தினால் வேறொன்றும் நடக்கும். வைஃபையில் பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. அதே சேனலில் வேறு யாராவது பேசுவது கேட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மைனஸ் 82 டிபிஎம் அளவுக்குச் சன்னமாகக் கேட்டாலே காத்திருக்கும் (மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாகப் பெரிதாகச் சத்தம் சன்னம்), அது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத சத்தம். பவரை ஏற்றியதும் தரைத்தள ஏபியின் பேச்சு இரண்டாவது மாடி வரை கேட்டு, ஒரு கட்டிடமே ஒரே ரேஷன் கடை வரிசையாகிவிட்டது. நான்கு நாளில் பழையபடி ஆட்டோவுக்கே திருப்பிவிட்டேன்.

சரி, ஆட்டோவில் அப்படி என்னதான் நடக்கிறது என்று ஒரு சனிக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு இரண்டாவது மாடி முழுக்க நடந்தேன். ஒவ்வொரு ஏபியிலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு ரேடியோ உண்டு. கன்ட்ரோலரில் பார்த்தால் அந்தத் தளத்தில் ஆறு ஏபிகளும் 5 ஜிகாஹெர்ட்ஸில் 8 டிபிஎம்மில் நிற்கின்றன. ஆறு மில்லிவாட்டுக்குக் கொஞ்சம் மேல். காரிடாரில் நான் அளந்தது மைனஸ் 58, அருமை. ஏபிக்கு நேர் எதிரே உள்ள அறையில் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தால் மைனஸ் 70-ஐ ஒட்டி. இரண்டு ஏபிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மூலை அறைக் கட்டிலில் மைனஸ் 79. அதில் பாடம் கேட்பது இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் குட் மார்னிங் அனுப்பினாலே அது மதியம்தான் போகும்.

யாரும் சொல்லாமலே ஏன் இவ்வளவு கீழே இறங்கியது? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. ஆட்டோ பவர் எதைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று படித்தால் விஷயம் பளிச்சென்று புரிந்துவிடுகிறது. சிஸ்கோவின் கணக்கு வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள், அதையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்: ஒரு ஏபியைப் பக்கத்து ஏபிகள் எவ்வளவு பலமாகக் கேட்கின்றன என்று வரிசைப்படுத்தி, அதில் மூன்றாவது இடத்தில் இருப்பதை எடுத்துக்கொள்கிறது. அந்த மூன்றாவது பக்கத்துக்காரருக்கு நம் சத்தம் மைனஸ் 70 அளவில் கேட்டால் போதும் என்பது அதன் இயல்பான வரம்பு. அதைவிடப் பலமாகக் கேட்டால் பவரைக் குறைக்கும். மூன்று பக்கத்துக்காரர்கள் இல்லையென்றால் கணக்கே ஓடாது, அதனால்தான் நான்கு ஏபிக்குக் குறைவான இடங்களில் ஆட்டோ பவர் சும்மா உச்சத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

இப்போது எங்கள் காரிடாரைப் போட்டுப் பாருங்கள். ஏபிக்கும் ஏபிக்கும் நடுவில் சுவர் இல்லை, பீரோ இல்லை, காற்று மட்டும்தான். 5 ஜிகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் வெட்டவெளியில் இழப்பு சுமார் 73 டெசிபல். 23 டிபிஎம்மில் பேசினால் 20 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு மைனஸ் 50-ல் கேட்கிறது. வரம்பு மைனஸ் 70. அப்படியானால் 20 டெசிபல் குறை என்கிறது கணக்கு. குறைத்துக் குறைத்து, இதற்கு மேல் இறங்க அனுமதி இல்லை என்ற இடம் வரை போய் நின்றுவிட்டது. ஏபிக்கு ஏபி கேட்பதை வைத்து முடிவு செய்திருக்கிறது, 9 அங்குலச் சுவருக்கும் இரும்பு பீரோவுக்கும் அந்தப் பக்கம் படுத்திருக்கும் பையன் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. கணக்கு தப்பும் இல்லை. சீலிங்கில் உட்கார்ந்து பார்த்தால் இந்தக் கட்டிடத்தில் சுவரே கிடையாது.

கவரேஜ் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பது என்று இன்னொரு வசதி உண்டு, சிக்னல் சன்னமாக இருக்கும் போன்கள் சில சேர்ந்தால் ஏபி பவரைத் தானே கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும். நல்ல யோசனைதான். எங்கள் இடத்தில் என்ன ஆயிற்றென்றால், மாலை ஐந்தரை மணிக்குப் பையன்கள் கூட்டமாகக் கேட்டுக்கு வெளியே டீக்கடைக்குப் போவார்கள், போன் ஹாஸ்டல் வைஃபையை விடாமல் மைனஸ் 85 வரை பிடித்துக்கொண்டே போகும், அதைப் பார்த்து வாசல் பக்க ஏபி "ஐயோ, ஓட்டை" என்று பவரை ஏற்றும். டீக்கடைக்கு வைஃபை கொடுக்க நிர்வாகம் காசு கட்டவில்லை. வாசல் பக்க இரண்டு ஏபிக்கு மட்டும் அதை நிறுத்தினேன்.

ஆட்டோ பவரை மொத்தமாக எடுத்துவிட்டு 24 ஏபிக்கும் கையால் எண் போடலாம், சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ஏபி செத்துப் போனால் பக்கத்தில் இருப்பது தானாக ஏறிக்கொள்ள வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு நான் எழுந்து போய் மாற்ற மாட்டேன். அதனால் கடிவாளம் மட்டும் போட்டேன்: 5 ஜிகாஹெர்ட்ஸில் குறைந்தபட்சம் 14, அதிகபட்சம் 17. போன் எவ்வளவு சத்தமாகப் பேசுமோ ஏறக்குறைய அதே அளவுக்கு ஏபியும் பேசட்டும் என்பது யோசனை. அந்த இடைவெளிக்குள் ஆட்டோ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். மூலை அறைக் கட்டிலில் மைனஸ் 79 என்பது மைனஸ் 73 ஆனது. பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பையன் தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். பெட்டி வாங்கி வைத்திருப்பவர்கள் இந்தக் குறைந்தபட்சம் அதிகபட்சம் என்ற இரண்டு கட்டத்தைத்தான் முதலில் தேடிப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் அது ஆட்டோ டிக்குக்குக் கீழேயே சின்ன எழுத்தில் இருக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். சிஸ்கோவில் பவர் லெவல் 1 என்பதுதான் உச்சம், எண் ஏற ஏற பவர் இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், "லெவல் 8-ல வச்சும் வரலியே" என்று ஒருவர் என்னிடமே வந்து கேட்டிருக்கிறார்.

பவர் கதை இவ்வளவுதான். சேனல் கதை வேறு ரகம்.

2.4 ஜிகாஹெர்ட்ஸில் நம் ஊரில் 1 முதல் 13 வரை சேனல் இருக்கிறது, 13 இருக்கிறதே என்று மயங்கக் கூடாது. ஒவ்வொன்றும் 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளித்தான் இருக்கிறது, நமக்கோ ஒரு ஆளுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் இடம் வேண்டும். ஒன்றோடொன்று மோதாமல் இருப்பது 1, 6, 11 மூன்றுதான். எங்கள் கன்ட்ரோலரில் அனுமதித்த பட்டியலில் பதின்மூன்றும் டிக் ஆகியிருந்தது, ஆட்டோவும் தாராளமாக 3, 4, 8, 9 என்று பிரித்துக் கொடுத்திருந்தது. ஒரே சேனலில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பேசுவதை மற்றவர் புரிந்துகொண்டு முறை வைத்துப் பேசுவார்கள், மெதுவாகப் போகுமே தவிர சண்டை இல்லை. 3-ம் 4-ம் பாதி பாதி மேலே விழுந்தால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பேச்சாகவே தெரியாது, வெறும் இரைச்சல். பட்டியலை 1, 6, 11 என்று சுருக்கியது இரண்டு நிமிட வேலை, அதற்குப் பிறகு வந்த முன்னேற்றம் இரண்டு லட்ச ரூபாய்க்குப் பெட்டி வாங்கினால்கூட வந்திருக்காது.

ஆனாலும் மூன்று சேனலை 24 ஏபிக்குப் பிரித்தால் ஒரு சேனலுக்கு எட்டுப் பேர். இதை எந்த ஆட்டோவும் தீர்க்க முடியாது, மூன்று இட்லியை 24 பேருக்குப் பந்தி வைத்தால் பரிமாறுபவர் என்ன செய்வார்? ஒன்றுவிட்டு ஒன்று 2.4 ரேடியோவை அணைத்துவிட்டேன், மேல் தளமும் கீழ்த் தளமும் நேர்க்கு நேர் வராமல் ஒரு இடம் தள்ளித் தள்ளி. பன்னிரண்டு மிஞ்சியது. மிஞ்சியதன் பவரை 5 ஜிகாஹெர்ட்ஸை விட 6 டெசிபல் கீழே வைத்தேன், 2.4 சுவரைத் தாண்டிச் சுலபமாகப் போகும் என்பதால் சமமாக வைத்தால் போன்கள் எல்லாம் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். கையோடு 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்) என்ற பழைய வேகங்களையும் நிறுத்தினேன். ஒவ்வொரு ஏபியும் தன் பெயரைச் சொல்லி ஒரு நொடிக்குப் பத்து தடவை அறிவிப்புக் கொடுக்கும், அதை 1 எம்பிபிஎஸ்ஸில் இழுத்து இழுத்துச் சொன்னால் பாதிக் காற்று அதற்கே போய்விடும். 2008-ல் வாங்கிய ஒரு பிரிண்டர் மட்டும் இணைய மறுத்தது, அதற்கு வயர் போட்டாயிற்று.

5 ஜிகாஹெர்ட்ஸில் நிலைமை செழிப்பு. 2018-ல் மத்திய அரசு 5470 முதல் 5725 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்ட பிறகு 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள் இருபதுக்கு மேல் கிடைக்கின்றன. ஆனால் எங்கள் எஞ்சினியர் சேனல் அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தார், ஸ்பீட் டெஸ்டில் எண் பெரிதாகத் தெரியும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. 80 அகலத்தில் நான்கு நான்கு சேனலைச் சேர்த்து ஒன்றாக்கினால் மொத்தமே ஐந்தாறுதான் தேறும். முதலில் 40 ஆக்கினேன், பிறகு 20. ஒரு போனில் ஸ்பீட் டெஸ்ட் எண் பாதிக்கும் கீழே போனது உண்மை. 300 பேர் ஒரே நேரத்தில் ஐபிஎல் பார்த்தபோது யாருக்கும் சுற்றிக்கொண்டே நிற்கவில்லை என்பதும் உண்மை. தனி வீட்டில் ஒற்றை ரவுட்டர் வைத்திருப்பவர்கள் 80-ஐயே வைத்துக்கொள்ளுங்கள், இது உங்களுக்கான பேச்சு இல்லை.

வீடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வீட்டு ரவுட்டர்களில் பலவற்றில் ஆட்டோ என்றால் ஆன் ஆகும் நேரத்தில் ஒரு தடவை சுற்றிப் பார்த்து ஒரு சேனலைப் பிடித்துக்கொள்வது, அவ்வளவுதான், பிறகு மாதக்கணக்கில் அதிலேயே கிடக்கும். என் அபார்ட்மென்டில் கரண்ட் போய் வந்தால் எல்லா வீட்டு ரவுட்டரும் ஒரே நேரத்தில் விழித்து, ஒருவரும் இன்னும் பேச ஆரம்பிக்காத காற்றைக் கேட்டுவிட்டு, "அட, காலியாக இருக்கிறதே" என்று ஒரே சேனலில் போய் உட்கார்ந்ததை நானே ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறேன். அரை மணி நேரம் கழித்து என்னுடையதை மட்டும் அணைத்துப் போடுவேன். பக்கத்து வீட்டு மாமாவிடம் இந்த ரகசியத்தை இதுவரை சொல்லவில்லை.

ஹாஸ்டலுக்கு வருவோம். இத்தனையும் சரி செய்த பிறகுதான் பெரிய அடி விழுந்தது. மூன்றாம் ஆண்டுப் பையன்களுக்கு ஒரு கம்பெனியின் ஆன்லைன் தேர்வு, அறையில் இருந்தே எழுதலாம், கேமரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இணைப்பு அறுந்தால் எச்சரிக்கை, இரண்டு எச்சரிக்கைக்கு மேல் போனால் தேர்வு மூடிக்கொள்ளும். ஒன்பது பேருக்கு மூடிக்கொண்டது. அதில் ஒருவன் லேப்டாப்பைத் திறந்தபடியே என் அறைக்கு வந்து, ஒன்றும் பேசாமல், மேஜை மேல் வைத்துவிட்டு நின்றான். அந்தப் பார்வைக்கு நான் என்ன பதில் சொல்வது?

கன்ட்ரோலர் நடந்ததை எல்லாம் குறித்து வைக்கும் லாகை எடுத்துப் பார்த்தால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் 24 ஏபிகளில் 31 சேனல் மாற்றம். எங்கள் கன்ட்ரோலர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்குப் போட்டு, இதைவிட நல்ல சேனல் இருக்கிறது என்று பட்டால் உடனே மாற்றிக்கொண்டிருந்தது. தேர்வுக்கு வைஃபையை நம்பாத கெட்டிக்காரப் பையன்கள் போன் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்திருக்கிறார்கள், ஒவ்வொரு ஹாட்ஸ்பாட்டும் ஏதோ ஒரு சேனலில் போய் விழ, அதைப் பார்த்து ஒரு ஏபி தள்ளி உட்கார, அது போய் உட்கார்ந்த இடத்தில் இருந்த ஏபிக்கு இடைஞ்சலாகி அடுத்த பத்தாவது நிமிடத்தில் அது எழுந்து போக, சங்கீத நாற்காலி. ஏபி சேனல் மாறும்போது "நான் இந்த நம்பருக்குப் போகிறேன், கூடவே வா" என்று அறிவித்துவிட்டுத்தான் போகும். ஒழுங்கான போன், லேப்டாப் எல்லாம் கூடவே போய்விடும், பயனருக்குத் தெரியவே தெரியாது. ஒழுங்கில்லாதவை அந்த அறிவிப்பைக் காதில் வாங்காமல் அங்கேயே நின்று தேடிவிட்டு, முதலில் இருந்து இணையும். அதற்குச் சில நொடி. தேர்வு மூடிக்கொள்ள அது போதும்.

அன்றே இரண்டு மாற்றம் செய்தேன். எவ்வளவு முன்னேற்றம் இருந்தால் மாறலாம் என்று ஒரு உணர்திறன் அளவு இருக்கும், அதைத் தாழ்த்தினேன், சின்னச் சின்ன லாபத்துக்காக எழுந்து ஓடக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்பதை நாளுக்கு ஒருமுறை ஆக்கினேன். நாளுக்கு ஒருமுறை என்றால் எப்போது? அரூபாவின் ஏர்மேட்ச் காலை ஐந்து மணிக்குத்தான் மாற்றத்தை இறக்கும், அந்த மாதிரி நாமும் விடியற்காலை நான்கரைக்கு வைப்போம், அந்த நேரத்தில் எந்தப் பையன் விழித்திருக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

ஒருவன் விழித்திருந்தான். கேட் தேர்வுக்குப் படிக்கிறவன், நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து வீடியோ பாடம் பார்க்கிறான், தினமும் நான்கரைக்குப் படம் நிற்கிறது. "பேய் ஏதாவது இருக்கா அண்ணா?" என்று கேட்டான். அவனுக்காகத்தான் கன்ட்ரோலரில் ஒரு மாதப் போக்குவரத்து வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பார்த்தால், எங்கள் ஹாஸ்டலில் வைஃபை மிகக் குறைவாக ஓடுவது ராத்திரியே இல்லை, காலை பத்தரை மணி. எல்லோரும் வகுப்பில். அலுவலகத்துக்கு எழுதப்பட்ட கணக்கை ஹாஸ்டலில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம், இங்கே பகலும் இரவும் தலைகீழ்.

பத்தரைக்கு மாற்றினேன், புகார் நின்றது, ஆனால் ஒரு வாரத்தில் ராத்திரி வேகம் குறைய ஆரம்பித்தது. எங்கள் பெட்டி கணக்குப் போடும் நேரத்துக்கு முந்தைய கொஞ்ச நேரத்து நிலவரத்தைத்தான் பார்க்கிறது. காலை பத்தரைக்கு ஹாஸ்டல் காலி, ஹாட்ஸ்பாட் இல்லை, ப்ளூடூத் ஸ்பீக்கர் இல்லை, ஒரு இடைஞ்சலும் இல்லை. ஆளில்லாத கட்டிடத்தைப் பார்த்துவிட்டு ஆள் நிறைந்த ராத்திரிக்கு சேனல் பிரித்துக் கொடுத்தால் எப்படிப் பொருந்தும்? கடைசியில் நின்ற நேரம் ராத்திரி எட்டேகால், மெஸ்ஸில் சாப்பாட்டு நேரம். அறையில் லேப்டாப் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், ஹாட்ஸ்பாட்டில் பாதி ஆனில் இருக்கும், ஆள் மட்டும் தட்டோடு வரிசையில் நிற்பான். மெஸ்ஸில் இருக்கிற இரண்டு ஏபியும் தனிக் கட்டிடம், அவற்றை ஆட்டோவில் இருந்து விலக்கி 36, 149 என்ற சேனல்களில் நிலையாகக் கட்டிப் போட்டேன். ஆன்லைன் தேர்வு நாட்களில் மட்டும் எல்லாவற்றையும் அப்படியே உறைய வைத்துவிடுவேன், அதற்கு ப்ளேஸ்மென்ட் அலுவலகத்தில் இருந்து முன்கூட்டித் தகவல் வர வேண்டும், வருகிறதா என்பது வேறு விஷயம்.

ஒன்று மட்டும் எந்த அட்டவணைக்கும் அடங்காது, ரேடார். 52 முதல் 144 வரையிலான சேனல்களில் நாம் ஒண்டுக் குடித்தனம்தான், ரேடார் சத்தம் கேட்டால் பத்து நொடிக்குள் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும், அரை மணி நேரம் திரும்பி வரக் கூடாது, இந்த வகையில் இன்னொரு சேனலுக்குப் போவதானாலும் ஒரு நிமிடம் சும்மா காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் வாயைத் திறக்கலாம். எங்களுக்கு லாகில் ரேடார் என்று வந்தவை எல்லாம் மூன்றாவது மாடியின் ஒரே ஏபியில், பெரும்பாலும் 100-ஐ ஒட்டிய சேனல்களில். நிஜ ரேடாராக இருந்தால் பக்கத்து ஏபிக்கும் கேட்டிருக்க வேண்டுமே? அந்த ஏபியை மாற்றியதும் நின்றுவிட்டது. அதனால் இந்தச் சேனல்களை மொத்தமாக விலக்கிவிடாதீர்கள், விலக்கினால் 36 முதல் 48 வரை நான்கு, 149 முதல் 165 வரை ஐந்து, ஆக ஒன்பதுதான் மிஞ்சும். முதலில் லாகைப் பாருங்கள். பழைய மலிவு லேப்டாப் சிலவற்றுக்கு இந்த சேனல்கள் கண்ணுக்கே தெரிவதில்லை என்பது மட்டும் உண்மையான தொல்லை, ஒரு அறையில் மூன்று பேருக்கு வருகிறது, நான்காவதாக வந்த விருந்தாளிக்கு மட்டும் ஹாஸ்டல் வைஃபை பெயரே காட்டவில்லை என்றால் அதுதான் காரணம்.

அடுத்த மாதம் பெண்கள் விடுதிக்கு வேலை தொடங்குகிறது. அதே மாதிரி நீளக் காரிடார், அதே பீரோ. இந்தத் தடவை ஏபியைக் காரிடாரில் மாட்டாமல் ஒன்றுவிட்டு ஒன்று அறைக்குள் மாட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். சுவர் நடுவில் வந்தால் ஏபிகள் ஒன்றையொன்று மைனஸ் 70-ஐ ஒட்டித்தான் கேட்கும், ஆட்டோ பவர் கணக்கு கிட்டத்தட்ட சரியாகவே வரும், என் கடிவாளத்துக்கு வேலை இருக்காது. கேபிள் செலவு கூடுகிறது, காரிடாரிலேயே மாட்டிவிட்டு ஆட்டோவில் போட்டால் ஆகாதா என்று அக்கவுன்ட்ஸில் கேட்டிருக்கிறார்கள். வார்டன் அன்று அனுப்பிய போட்டோவை, அதே மாதிரி ஒரு வார்த்தைகூட எழுதாமல், அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.